முள்மரத்தில் கட்டிய நைலோன்

மார்ச் 14, 2009. சனி.

கார்ட்டியர்வில்லில் நான் துப்புரவு வேலைக்குப் போகும் பெரிய வீட்டை, ஐரிஷ்காரர் ஒருவர் தன் ஊர் மாளிகையைப் போலவே கட்டினாராம். தோட்டத்து முள்மரமும் அவர் நட்டதுதான். வீட்டில் யாருக்காவது சுகமில்லையென்றால் அதில் துணி கட்டுவார்கள். நம் ஊரில் நேர்த்தி வைத்துக் கோயில் மரத்தில் கட்டுவதைப் போல என்று நினைத்தேன். நிறைவேறும்வரை நாமாக அவிழ்க்கக்கூடாதே. தம்பி வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டதும் என் சிவப்பு நைலோன் சேலையைக் கிழித்து இறுக்கி முடிந்தேன்.

இன்று வாசல் பனியை வழிக்க வந்த சேவியர் அண்ணை அதைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, உதை நீரோ கட்டினனீர்? இஞ்ச துணி உக்கி இத்துப்போகவேணும். அது உக்கினாத்தான் துன்பம் போகும் எண்டு வீட்டுக்கார அம்மா சொல்லுறவா."

"நைலோன் உக்குமே, அண்ணை?"

அவர் திரும்பவும் பனியை வழிக்கத் தொடங்கினார்.

பொங்கலுக்குப் பிறகு தம்பியின் குரலைக் கேட்கவில்லை. மேல்மாடி அறைகளைத் துடைக்கும்போது சன்னலுக்குச் சன்னல் நின்று மரத்தைப் பார்த்தேன். மற்றத் துணிகளெல்லாம் வெளிறி நூல்நூலாகத் தொங்குகின்றன. என்னுடையது மட்டும் கட்டிய அன்றைக்குப்போலவே சிவப்பாக ஆடுகிறது.

அவிழ்த்தால் நம் முறைப்படி தம்பியைக் கைவிட்டதாகும். அப்படியே கிடக்கவிட்டால் அவர்கள் முறைப்படி இந்தத் துன்பம் முடியவே முடியாது.

வெளியே காற்று பலமாக அடிக்கிறது. அதுவாக அவிழ்ந்து போகட்டும் என்று செபிக்கப் பார்க்கிறேன். ஆனால் நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியும்.