வடக்கிலிருந்து எண்ண வேண்டும்

மார்ச் 3, திங்கள்

எங்கள் செல்ஃபோன் கம்பெனியில் கணக்குப் பிரிவிலிருந்து ஃபீல்டுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. நாற்பத்து மூன்று வயதில் உனக்கு ஏன் இந்த அலைச்சல் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். காலையில் காரில் ஏறினால் மடியில் லேப்டாப், டாஷ்போர்டில் நாலு ஃபோன். அவை தாமாகவே யாரையோ கூப்பிடுகின்றன, வைக்கின்றன, மறுபடி கூப்பிடுகின்றன. எந்தத் தெருவில் சிக்னல் நன்றாக இருக்கிறது, எங்கே பேச்சு அறுகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் வண்ணப் புள்ளிகளாக விழுகிறது. ஊர் சுற்றுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

இந்த இங்கிலீஷ் எழுத்துச் சுருக்கங்கள்தான் படுத்துகின்றன. சாப்பாட்டு மேஜையில் இவர் கேட்கிறார், நான் ஒப்பிக்கிறேன்.

“ஆர்.எஸ்.ஆர்.பி.?”

“டவர் எவ்வளவு பலமா கேக்குதுங்கிற கணக்கு. மைனஸ்ல வரும். மைனஸ் எழுபது ரொம்ப நல்லது. மைனஸ் நூத்திப் பத்து படுமோசம்.”

“எஸ்.ஐ.என்.ஆர்.?”

“பலமா கேட்டா மட்டும் போதாதே. சுத்தி இருக்கிற இரைச்சலைத் தாண்டி எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு.”

“உங்க அக்கா வந்தா முதலாவது எக்கச்சக்கம், ரெண்டாவது சைபர்.”

தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். உண்மையாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நான் வீட்டுக்குள் நுழையும்போதே இவர் முகம் சரியில்லை. “அப்பா மறுபடி பாதிப் பேச்சுல கட் பண்ணிட்டாரு. திரும்பக் கூப்பிட்டா எடுக்கவும் இல்ல.”

அத்தை போன பிறகு மாமா தன் ஃப்ளாட்டில் தனியாகத்தான் இருக்கிறார். இங்கே வரச் சொன்னால் “என் ஜன்னல், என் நாற்காலி” என்பார். கடைசியில் அப்பாவும் பிள்ளையும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தினம் சாயங்காலம் ஃபோனில் ஒழுங்காகப் பேச வேண்டும். பேசவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட வேண்டும். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இந்தச் சில வாரமாகத்தான் இப்படி.

இவர் கோபம் கோபமே இல்லை, பயம். விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் ஃப்ளாட்டை வாடகைக்கு விட புரோக்கரை வரச் சொல்லிவிட்டார். பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு இடம் பண்ண, எங்கள் பின்னறையில் இருந்த தையல் மெஷின் ஹாலுக்கு வந்தாயிற்று.

மாமா அப்படிக் கட் பண்ணுகிற ஆளா? எனக்கு நம்ப முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

மதியம் ஆபீசிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன். எங்கே நின்று பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா நின்னேன்? அவன் கூப்பிடறது நான் வாக்கிங் கிளம்பற நேரம். நடந்துக்கிட்டேதான் பேசுவேன். மருந்துக்கடை தாண்டினா அவன் குரல் போயிடுது. நான் நடுத்தெருவுல ஹலோ ஹலோன்னு கத்தறேன், கடைக்காரர் என்னன்னு எட்டிப் பாக்கறாரு. அப்புறம் ஃபோன் பையில போயிடும். பையில இருந்தா எனக்குக் கேக்காது.”

“அவர்கிட்டச் சொன்னீங்களா?”

“விரல் பட்டிருக்கும்னு சொல்றான். என் விரல் எங்க படுதுன்னு எனக்குத் தெரியாதா?”

தினமும் மருந்துக்கடைதானா என்று கேட்டேன். தினமும் அங்கேதானாம். ஒரே ஒரு தடவை வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தபோதும் போச்சு என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு. இன்னொன்றும் சொன்னார். போன மாதம் பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் எங்கள் கம்பெனி புதுசாக ஆன்டெனா வைத்திருக்கிறதாம்.

ஓஹோ.

மார்ச் 7, வெள்ளி

புது டவர் எப்படியும் சோதிக்க வேண்டியதுதான். முதலில் அதை முடிக்கலாமா என்று டெசிபலிடம் கேட்டேன். எங்கள் மேலதிகாரிக்கு ஆபீசே வைத்த பெயர் அது. அவர் ரகசியம் பேசினால் வாட்ச்மேனுக்குக் கேட்கும். சரி என்றார், மூன்று மாடிக்கும் கேட்கும்படி.

போனோம். மருந்துக்கடை தாண்டியதும் நாலு ஃபோனும் ஒன்றாக அறுந்தன. சுற்றி வந்தோம், மறுபடி அதே இடம். நான் கை தட்டிவிட்டேன்.

“கால் கட்டானதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன் மேடம்,” என்றார் டிரைவர் அண்ணன்.

பேசிக்கொண்டே நகர்கிறவரை ஒரு டவர் அடுத்த டவரிடம் கொடுக்க வேண்டும். ஹேண்டோவர். கைக்குழந்தையைக் கை மாற்றுகிற மாதிரிதான், வாங்குகிறவர் பிடித்த பிறகே கொடுப்பவர் விட வேண்டும். மருந்துக்கடையில் வாங்க யாரும் கை நீட்டவில்லை. ஏன்? பழைய டவர் அங்கேயே, தெரு முனையில்தானே நிற்கிறது?

மார்ச் 10, திங்கள்

கோபம் கோபமாக வருது.

ஒரு டவரில் மூன்று ஆன்டெனா, மூன்று திசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, பி.சி.ஐ. என்பார்கள். வரைபடத்தில் எண்ணுக்கு ஒரு நிறம். மாமா தெரு நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் வர வேண்டிய இடத்தில் பச்சை, பச்சை வர வேண்டிய இடத்தில் நீலம். கொண்டுபோய்க் காட்டினேன். டெசிபல் பார்த்த மாத்திரத்தில், “நிறத்தை ஒரு கட்டம் தள்ளிப் போட்டிருக்கீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். மறுபடி போடுங்க,” என்றார். அந்தக் குரலில்! கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் தள்ளிப் போடலை. மூணு தரம் சரி பாத்தேன். பாத்தேன்தானே?

மார்ச் 11, செவ்வாய்

காரை விட்டுவிட்டு ஒற்றை ஃபோனோடு அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் நேர் கீழே நின்று எண்ணைப் பார்த்தேன். நிறமே கிடையாது, வெறும் எண். மூன்றுமே ஓர் இடம் தள்ளித்தான் இருந்தன.

நிறம் போட்டவள் சரி. ஆன்டெனா போட்டவர்கள்தான் தப்பு. இவ்வளவு சந்தோஷமாக இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

சொன்னதும் டெசிபல் வாதாடவில்லை. தானே வந்தார், மொட்டை மாடி வரைக்கும் மூச்சு வாங்க ஏறினார். ஆன்டெனாவுக்குக் கேபிள் சொருகிய இரண்டு பேரும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றார்கள்.

“எதை ஒன்னுன்னு வெச்சீங்க?”

“இதோ சார், இதுதான்.” படிக்கட்டு வழியாக வெளியே வந்தால் எதிரே தெரிகிற ஆன்டெனாவைக் காட்டினார் மூத்தவர்.

டெசிபல் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தார். ஆன்டெனாவைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். எங்கள் தொழிலில் வடக்கிலிருந்துதான் எண்ண வேண்டும். வடக்குப் பக்கம் இருப்பது ஒன்று, அங்கிருந்து வலப்பக்கமாக இரண்டு, மூன்று. மேலே ஆன்டெனாக்களை நிறுத்தியவர்கள் வடக்கிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். பிறகு வந்து கேபிள் சொருகிய இந்த இரண்டு பேரும் படிக்கட்டிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டு தெற்கே பார்த்துத் திறக்கிறது.

அதனால் மாமா மருந்துக்கடை தாண்டும்போது அவர் ஃபோனில் இருந்தது வேறொரு திசைக்கு உரிய எண். யார் யாரிடம் கை மாற்றலாம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அக்கம்பக்கப் பட்டியல் உண்டு; அந்த எண்ணின் பட்டியலில் தெரு முனை டவரே கிடையாது. பட்டியலில் இல்லாதவரிடம் குழந்தையை எப்படிக் கொடுக்கும்? கீழே போட்டுவிட்டது.

“திங்கட்கிழமை உங்களைத் தெரியாம சொல்லிட்டேன் மேடம், மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார் டெசிபல். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 14, வெள்ளி

கேபிளை மாற்றிவிட்டார்கள். மருந்துக்கடையைத் தாண்டினோம். நாலு ஃபோனும் பேசிக்கொண்டே போயின.

மார்ச் 15, சனி

சாயங்காலம் இவரை நானே பேசச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா நடந்தார். மூச்சு இரைப்பு, ஆட்டோ ஹாரன், மருந்துக்கடைக்காரர் வணக்கம் சொன்னது எல்லாம் கேட்டது. தெரு முனை வந்தது, திரும்பினார், வீடு போய்ச் சேர்ந்து பூட்டைத் திறந்தார். குரல் ஒரு நிமிஷம்கூட அறவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு இவர் என் பக்கம் திரும்பினார். “அவர் கட் பண்ணவே இல்லையா அப்ப?”

“இல்லைங்க.”

“நான் என்னென்னமோ பேசிட்டேன் அவரை.” கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். புரோக்கருக்கு அவரே ஃபோன் செய்து நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

தையல் மெஷின் பின்னறைக்குத் திரும்பியது. தூக்கியது இவர், அதிகாரம் செய்தது நான்.

மார்ச் 23, ஞாயிறு

மதியம் மாமா வீட்டில். இவருக்கு வேறு வேலை, நான் மட்டும் போனேன். பழக்கதோஷம், சோதிக்கிற ஃபோனையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். சோபாவுக்குப் பக்கத்தில் வைத்ததும் மைனஸ் அறுபத்தெட்டு காட்டியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இவர் கூப்பிட்டார். மாமா முட்டி வலி பற்றிப் பேசினார், புது செருப்பு பற்றிப் பேசினார், சிரித்தார். அப்புறம், “அதுக்கில்லப்பா, எதுக்கும் அந்தப் பின்னறைய மட்டும்...” என்று இவர் ஆரம்பித்தது எனக்கே கேட்டது.

மாமா ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். “ஹலோ? ஹலோ? விட்டு விட்டு வருதுப்பா...” கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை நிதானமாக அழுத்தினார். தலை நிமிர்ந்த பிறகுதான் நான் எதிரே இருப்பது ஞாபகம் வந்தது.

“இங்க சிக்னல் எப்படிம்மா?”

“மைனஸ் அறுபத்தெட்டு மாமா.”

“நல்லதா, கெட்டதா?”

“பிரமாதம்.”

மாமா பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதற்குள் என் ஃபோன் அடித்தது. இவர்தான்.

“என்ன நீ, சரி பண்ணியாச்சுன்னு சொன்னே? அப்பாவுக்கு மறுபடி கட் ஆகுதே!”

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்த இடமெல்லாம் சரியாயிடுச்சுங்க,” என்றேன். “இந்த சோபாகிட்ட மட்டும் ஒரு சின்னப் பிரச்சினை. அதை எங்களால சரி பண்ண முடியாது.”

மாமா ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்தார்.