திரையில் நின்ற கொழுந்து லாரி

வியாழன், இரவு.

ஸ்மார்ட் டிவி வந்ததிலிருந்து வகுப்பு நடப்பதைத் தினமும் காணொளி எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். இன்று ஐந்தாம் வகுப்புக்குச் செயற்கைக்கோள் வரைபடத்தில் எங்கள் எஸ்டேட்டைக் காட்டினேன். தேயிலை விலை விழுந்ததும் பூட்டிய பேக்டரி, அதன் வாசலில் ஒரு கொழுந்து லாரி.

"டீச்சர், பேக்டரி தொறந்துட்டாங்க" என்றாள் பிரியா. வகுப்பே கைதட்டியது.

பூட்டுவதற்கு முன் எடுத்த பழைய படம் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் படம்பிடித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர், "இருங்க டீச்சர், நல்லா வருது, கெடுத்துராதீங்க" என்றார். நானும் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அதற்குள் மணியடித்துவிட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பிரியாவின் அப்பா பிடித்துக்கொண்டார். "ராத்திரி பஸ்ஸுக்குத் திருப்பூர் கிளம்பறதா இருந்தேனுங்க. பாப்பா சொன்னதும் பையைப் பிரிச்சுட்டேன். எப்பங்க வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

அது பழைய படம் என்று அப்போதுதான் சொன்னேன். நம்பாமல் தன் போனை நீட்டினார். பெற்றோர் குழுவில் வந்த காணொளி.

"நீங்களும் சிரிச்சுட்டுத்தானே நிக்கறீங்க, டீச்சர்."

குழுவில் இன்னும் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.