முன் சக்கரத்து நல்லெண்ணெய்

திருவண்ணாமலை,
9.10.2003

அன்பு மிகுந்த என் வீட்டுக்காரருக்கு, திரௌபதி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் தம்பி அருணகிரியும் நலம். அவனை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், “சரி சரி, அவங்கிட்ட சாவியக் குடு” என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் மலேசியாவில் ஆசை ஆசையாக வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்ட ஆயிரம் சி.சி. வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து சுற்றி நின்றார்கள். மெக்கானிக் மொஹ்சின் அண்ணன்தான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். சோழவரம் பந்தயத்தில் நீங்கள் ஓட்டின காலத்தில் உங்களுக்கு ஸ்பானர் பிடித்த பெருமை அவருக்கு இன்னும் குறையவில்லை. பந்தய மைதானத்தில் பல வருஷம் ஓட்டிக் கை பழகினவர்களுக்காகவே செய்த வண்டியாம். விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் இருப்பதால் ரோட்டிலும் ஓட்டலாமாம். சட்டம் எழுதினவர் நம்ம செங்கம் ரோட்டைப் பார்த்திருக்க மாட்டார். மாடு, சாமியார், சைக்கிளில் வெள்ளைக்காரர், நடு ரோட்டில் ஆள் ஏற்றும் டவுன் பஸ். இத்தனைக்கும் நடுவில் முதல் கியரிலேயே நூற்று நாற்பது போகிற வண்டி! மிச்சம் ஐந்து கியருக்கும் இந்த ஊரில் வேலையே இல்லை.

வண்டி ஆவணியில் வந்தது. தீபாவளிக்கு நீங்கள் வருவதாகப் பேச்சு. அதற்குள் போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கொண்டேன், வண்டி சும்மா நின்றால் கெட்டுவிடும், அதனால் தம்பி வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டட்டும் என்று எழுதியிருந்தீர்கள். சும்மா நின்று கெட்டுப்போவது வண்டி ஒன்றுதான் என்று நினைத்துவிட்டீர்களே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். இரண்டு நாள் உங்கள் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

இப்போது சொல்லப் போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. வழக்கம்போல வீட்டில் இருக்கிற இரும்பை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டேன். என் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, கடப்பாரை. பிறகு உங்கள் வண்டி. முன் சக்கரத்தில் இரண்டு பக்கமும் தாம்பாளம் மாதிரி பளபளவென்று இரண்டு தட்டு இருக்கிறதே, முந்தின வாரத்து மழையில் அதில் லேசாகத் துரு பிடித்திருந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. இரும்பு என்றால் எண்ணெய், இது எனக்குத் தெரிந்த சாஸ்திரம். துணியில் நல்லெண்ணெயை நனைத்து இரண்டு தட்டையும் முகம் தெரிகிற மாதிரி தேய்த்தேன். மேலே சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தேன். பின் சக்கரத்துத் தட்டு மறைவில் இருந்ததால் கண்ணில் படவில்லை. அது யார் செய்த புண்ணியமோ.

பூஜை முடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி அதை நசுக்கிவிட்டு ஒரு எட்டாவது போகவேண்டும் இல்லையா? அருணகிரி வந்து, “அண்ணி, பழம் நசுக்கற வரைக்கும்தான், அண்ணனே எழுதிட்டாரு” என்று கையை நீட்டினான். உங்கள் கடிதம் அலமாரியில் இருக்கிறது, நான் என்ன சொல்ல முடியும்? சாவியைக் கொடுத்தேன். பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. தெரு முனையில் திரும்பி, செங்கம் ரோட்டில் ஏறிவிட்டான்.

ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பூக்காரி பாஞ்சாலை கூடையோடு ரோட்டைக் கடந்திருக்கிறாள். இவன் முன் பிரேக்கைப் பிடித்தான். பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான், அப்போதும் இல்லை. கடைசியில் பின் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரமாகத் தள்ளி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய் ஏற்றிவிட்டான். முழங்கை தேய்ந்தது, ஒரு கண்ணாடி உடைந்தது, இடது பக்கம் பெயிண்ட் போயிற்று. பாஞ்சாலை கூடையைப் போட்டுவிட்டு ஓடினவள், அவன் எழுந்து நின்ற பிறகு திரும்பி வந்து உங்கள் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டினாளாம். திட்டட்டும். உயிரோடு இருப்பதால்தானே திட்டுகிறாள்.

மொஹ்சின் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தட்டில் விரலை வைத்தார், முகர்ந்து பார்த்தார். “தங்கச்சி, இதுல என்ன தடவின?” என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றேன். மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தட்டைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டியே நிற்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தவறு என்னுடையது. அதை யார் தலையிலும் நான் கட்டவில்லை. அன்றைக்கு முழுக்க அருணகிரியின் முழங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அழுதேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாளே உங்கள் தம்பி மறுபடியும் சாவி கேட்டான்! எண்ணெய் இல்லாமல் இருந்திருந்தால் தான் அழகாக நிறுத்தியிருப்பானாம். அப்போது மொஹ்சின் அண்ணன் அவனைக் கூப்பிட்டு, எப்படிப் பிடித்தாய், காட்டு என்றார். இவன் தன் பழைய வண்டியில் பிடிக்கிற மாதிரி நாலு விரலையும் போட்டு ஒரே அமுக்காக அமுக்கிக் காட்டினான். “உங்கண்ணன் மாறன் இத ரெண்டு விரல்ல, தடவிக் குடுக்கற மாதிரி புடிப்பான். நீ புடிச்ச புடிக்கு பிரேக் சரியா இருந்திருந்தா, வண்டி நின்னிருக்கும், நீ பறந்துபோய் தார் ரோட்டுல தலைகுப்புற விழுந்திருப்ப. எண்ணெய் பிடிய கம்மி பண்ணதாலதான் உன் கழுத்து ஜாஸ்தி நாள் இருக்கப் போவுது” என்றார். அருணகிரி நீட்டின கையை இழுத்துக்கொண்டான். எனக்கோ எதற்கு அழுதோம், எதற்குச் சிரிக்கவேண்டும் என்று புரியவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்டு எடுக்கவில்லை, தெரிவிக்கிறேன். சாவியை அவனுக்குக் கொடுக்கமாட்டேன். நீங்கள் எழுதினாலும் சரி, ஃபோனில் கத்தினாலும் சரி. வண்டி சும்மா நின்று கெடாது. தினமும் காலையில் தைக்க உட்காருவதற்கு முன்னால், மொஹ்சின் அண்ணன் சொன்னபடி நானே அதை வாசலில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். முதல் நாள் சத்தத்தில் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் பால் பாத்திரத்தைக் கீழே போட்டாள். இப்போது அவளுக்கு அதுதான் கடிகாரம். நேற்று ஒரு வெள்ளைக்காரர் நின்று, இது யாருடையது என்று சைகையில் கேட்டார். என்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அப்புறம் ஒன்று. அந்தத் தட்டைக் கவ்வி எண்ணெய் குடித்த பிரேக் பேட்டுகளை மொஹ்சின் அண்ணன் கழற்றி எறிந்துவிட்டார். இந்த வண்டிக்கு உள்ளது நம் பக்கம் எங்கேயும் கிடைக்காதாம், அங்கேதான் வாங்கவேண்டுமாம். பேட்டின் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வாங்கி வையுங்கள்.

சாவி எங்கே என்று கேட்பீர்கள். என் தாலிக் கயிற்றில், ஊக்குகளோடு சேர்த்துக் கோத்திருக்கிறேன். அங்கே கையை நீட்டிக் கேட்க எந்தக் கொழுந்தனுக்கும் வாய் வராது. அதை அவிழ்த்து எடுக்கிற உரிமை உள்ளவர் நாலு வருஷமாக ஊரில் இல்லை.

நாளைக்குப் பௌர்ணமி. மலை சுற்றப் போகிறேன். உங்கள் இரண்டு விரலும் மற்ற எட்டு விரலும் பத்திரமாக இருக்கவேண்டும் என்று அண்ணாமலையாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சாவியும் நானும் பத்திரம்.

திரௌபதி

பி.கு. பேட்டுகளைப் பார்சலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன். கையில் எடுத்துக்கொண்டு வாங்க.