சொன்ன விதம்

பிப்ரவரி 9

கருவி இன்று ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. பார்க்கச் சாதாரணச் செவிக்கருவிதான். உள்ளே ஓடும் நிரல் என்னுடையது. இரைச்சலை வடிகட்டிப் பேச்சை மட்டும் காதுக்குள் விடும். உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறேன் என்று நான்கு வருடமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பது இதை வைத்துத்தான்.

அச்சகத்து இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று என் வீட்டுக்காரர் இவருக்குக் காது பாதி போய்விட்டது. மாட்டிவிட்டேன்.

"ஃபேன் சத்தமே இல்ல. நீ பேசுறது மட்டும் கேக்குது."

"சந்தோஷமா?"

"ரெண்டுல எது வேணும்னு முன்னாடியே கேட்டிருந்தா ஃபேனையே வச்சிட்டிருப்பேன்."

பிப்ரவரி 12

என் வழிகாட்டி மேடம் எதற்கும் "ஆகட்டும்" என்பார். எது சம்மதம், எது பார்க்கலாம், எது வெளியே போ என்று பிரித்தறியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்று முதல் வகை. ஒலி புகாத அறையில் தன்னார்வலர்கள் கேட்ட சொற்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். "அடுத்த மாசமே தீசிஸைக் குடுத்துடு" என்றார்.

மகளிடம் சொன்னேன். "அப்போ நான் ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடுவியாம்மா? நம்பவே முடியல." பெற்ற வயிறு குளிர்ந்தது.

பிப்ரவரி 20

இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிப்ரவரி 21

இன்றும் "ம்". எதைக் கேட்டாலும் "ம்".

பிப்ரவரி 22

மகள்தான் போட்டு உடைத்தாள். "அப்பாவைத் திட்டினியாமே."

நானா? எப்போது? — பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று ஸ்பானரோடு கிளம்பிச் சமையலறையையே குளமாக்கிவிட்டார். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கே எனக்கு டாக்டர் பட்டம் குடுத்திருக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் குனிந்து தரையைத் துடைத்தபடி. முகம் தெரிந்திருக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தானே பேசிக்கொள்கிறோம்?

நேரே போய்க் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார்.

"வார்த்தையெல்லாம் நல்லாக் கேக்குது. நீ விளையாட்டுக்குச் சொல்றியா, நெஜமாவே சொல்றியான்னுதான் தெரியல. ஸ்டேஷன்ல அறிவிப்பு குடுக்குற மாதிரி இருக்கு. சரி, படிப்பு படிப்புன்னு நீ மாறிட்டபோலன்னு நெனச்சேன்."

நான் மாறல. ஐயோ, நான் மாறவே இல்ல. இரைச்சலோட சேத்து என் கிண்டலையும் வடிகட்டித் தூக்கிப் போட்டிருக்கேன். நாலு வருஷமா உக்காந்து இதையா செஞ்சே?

பிப்ரவரி 25

மேடத்திடம் சொன்னேன்.

"வீட்டு ஆளோட வருத்தமெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா."

"சோதிச்சுப் பாக்கலாம் மேடம்."

"முடிவெல்லாம் நல்லா வந்திருக்கு. முதல்ல பட்டத்தை வாங்கு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

பேருந்தில் அதே யோசனை. கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தேர்வாளர்கள் சொற்களைத்தான் எண்ணப்போகிறார்கள். எனக்குத் தெரியுமே — அதை என்ன செய்ய?

பிப்ரவரி 26

இப்போதைக்குக் கொடுக்கவில்லை என்றேன். "ஆகட்டும்." மூன்றாம் வகை.

மே 6

மேடம் அரைமனதோடுதான் சோதனைக்குச் சம்மதித்தார். ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் பதிவு செய்தோம். "நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு." ஒன்று மனதார, இன்னொன்று, வந்தவர் அப்படியே வாசலோடு திரும்பிப் போகும்படி. குரல் என் மகளுடையது. இரண்டாவது முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. முதலாவதற்குத்தான் பாவம், நாள் முழுக்கப் பாடுபட்டாள்.

இன்று அதைக் கருவி வழியே கேட்ட தன்னார்வலர்களில் பாதிப் பேர் தப்பு. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாம சொல்லை மட்டுந்தான் அளந்திருக்கோம்."

'நாம' என்றார். இத்தனை வருடத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 3

மண்டை காய்கிறது. குரலின் ஏற்ற இறக்கத்தை விட்டுவைத்தால் இரைச்சலும் கூடவே தொற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 17

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். "சீனியர், சந்தேகம் இருந்தா கேக்கலாமா?" என்று என்னைக் கேட்கிறாள்.

நவம்பர் 11

ஒரு வழியாகப் பிடிபட்டது. சொற்கள் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிபடுகின்றன. ஆனால் மனதாரச் சொன்னது எது, குத்தலாகச் சொன்னது எது என்று பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள். "எறங்கினதை மறைக்காதே. ரெண்டையும் அப்படியே எழுது" என்றார் மேடம். பிறகு ஓர் ஆகட்டும். முதல் வகைதான், சந்தேகமே இல்லை.

புது நிரலைப் போட்டு இவருக்கு மாட்டிவிட்டேன். "ஃபேன் திரும்பி வந்துடுச்சே" என்றார்.

நவம்பர் 15, ஞாயிறு

இன்று இவர் சமையல். ஏதோ சூப்பாம். நிறத்தைப் பார்த்ததுமே மகள் தனக்குப் பசியில்லை என்றுவிட்டாள். நான் ஒரு வாய் குடித்தேன். கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பிரமாதம்" என்றேன்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

மகளுக்குச் சிரித்துப் புரையேறியது. இவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் இவர் காதில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிடிக்கலன்னா கீழ ஊத்திடு, பரவால்ல" என்றார்.

மிச்சம் வைக்காமல் குடித்தேன்.