வெள்ளிக்கிழமைகளில் நிற்கும் சேர்வர்

11 யூலை 2025, வெள்ளி

இன்றும் சேர்வர் நின்றுவிட்டது. இது மூன்றாவது வெள்ளி. துணுக்காய்ப் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து ஓயாத ரெலிபோன் கோல். "பால் திரையப்போகுது பிள்ளை, எப்ப பால் அளந்த ரசீதுத் துண்டு வரும்?" பால் சங்கத்தின் முழுக் கணக்கும் நெளுக்குளம் ஒபிசில் இருக்கிற இந்த ஒற்றைப் பெட்டியில்தான். மனேஜர் கோகுலன் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பெட்டிக்குப் பொறுப்பு நான்தானே.

14 யூலை, திங்கள்

ஹலீம் நானா வந்தார். வவுனியாவில் கடை வைத்திருக்கிறார். சேர்வரைப் பராமரிக்கிற ஒப்பந்தம் அவருடையது. பவர் சப்ளையை மாற்றினார், வயரை மாற்றினார், யூபிஎஸ்ஸுக்குப் புது பற்றரி போட்டார்.

"மெசின்ல பிழை இல்ல தங்கச்சி. லோட் கூடித்தான் யூபிஎஸ் கட் ஆகுது. ஆரோ என்னத்தையோ செருகுறாங்க, பாருங்க."

பார்த்தேன். யூபிஎஸ்ஸிலிருந்து அலுமாரிக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்ரென்சன் வயரின் மற்ற நுனி வெறுமையாகக் கிடந்தது. போன மாதம் "இந்தச் சேர்வர் பழசு, புதுசு போடுவம்" என்றவரும் இவர்தான். புதுசு போட்டால் யாருக்கு லாபம்?

18 யூலை, வெள்ளி

இன்று கவனித்தேன். ஹலீம் நானா காலையில் வந்து கணக்குகளைப் பக்கப் எடுத்தார். ஜும்மாத் தொழுகைக்கு என்று வெளிக்கிட்டார். மோட்டார் சைக்கிள் கேற்றைத் தாண்டிக் கொஞ்ச நேரம் — பெட்டி செத்தது. ஒவ்வொரு வெள்ளியும் இதே கதைதான். அவர் உள்ளே நிற்கும்போது ஒருநாளும் பெட்டி நிற்பதில்லை!

கணக்குப் பகுதி நாகேஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமைப் படையல் கடலை கொண்டுவந்து தந்தா. "சாப்பிடு பிள்ளை, முகம் கறுத்துப்போய்க் கிடக்கு." ஹலீம் நானாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

19 யூலை

சேர்வர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஹலீம் நானாவுக்குச் சொல்லவில்லை.

21 யூலை, திங்கள்

மனேஜரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளி, ஜும்மா, புதுச் சேர்வர், எல்லாவற்றையும்.

"உறுதியோ?"

"ஓம் சேர்."

மனேஜர் நானாவைக் கூப்பிட்டு, இனி ஒபிசுக்குள் கால் வைக்க வேண்டாம் என்றார். ஒப்பந்தம் முடிந்தது. நானா என் பக்கம் திரும்பினார். "நான் என்ன செஞ்சன் எண்டு நீங்களாவது சொல்லுங்க தங்கச்சி." நான் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிக்கிறாரோ?

25 யூலை, வெள்ளி

ஹலீம் நானா இல்லாதபடியால் இன்று நிற்காது என்ற தைரியத்தில் சேர்வர் அறையில் போய் இருந்தேன். நாகேஸ்வரி அக்கா ரைஸ் குக்கரோடு வந்தா. கூடத்துக்குப் பெயின்ற் அடித்ததிலிருந்து சாமிப்படம் இந்த அறையில்தான். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு எக்ஸ்ரென்சனை எடுத்துக் குக்கரைச் செருகினா. கொஞ்ச நேரத்தில் யூபிஎஸ் கத்தியது. பெட்டி நின்றது.

"என்னக்கா செய்யிறியள்!"

"கடலை அவிக்கிறன். குசினியில கரண்ட் போய்ப் போய் வரும். இதுதான் போகாத பிளக் எண்டு எல்லாரும் சொல்லுறவை. எங்க, இதுவும் அரை அவியலில நிண்டுபோகும். மிச்சத்தைக் காஸிலதான் அவிக்கிறனான்."

"அதென்ன, ஹலீம் நானா போனாப்பிறகுதான் வாறியள்?"

"அவர் வேலை செய்யேக்க நான் சாமி வேலையோட உள்ள வந்தா மனுசனுக்குச் சங்கடம் எல்லோ? போகட்டும் எண்டு பொறுக்கிறனான்."

ஐயோ. அக்கா மரியாதைக்குப் பொறுத்தவா. அதையே சாட்சியாக்கி அந்த மனுசன்ரை பிழைப்பில மண் போட்டவள் நான். சீ! ஆர் என்னத்தைச் செருகினம் எண்டு பாக்கச் சொன்னவர் அவர்தானே? மனேஜரிட்டை ஜும்மாவை ஏன் இழுத்தனான்? வேற ஆரும் எண்டா அவர் எங்க போறார் எண்டு சொல்லியிருப்பனோ?

26 யூலை

மனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு வவுனியாவுக்குப் பஸ் எடுத்து நானாவின் கடைக்குப் போனேன்.

"பிழை என்ரைதான் நானா."

"இருங்க. தண்ணி குடிங்க," என்றார்.

4 ஓகஸ்ட், திங்கள்

ஹலீம் நானா வந்தார். மனேஜர் நேரில் போய்க் கேட்டு, ஒப்பந்தம் திரும்பவும் அவருக்கே. சேர்வர் அறையைத் திறந்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"நீங்களும் உள்ள வாங்க மிஸ். இனி நான் தனிய உள்ள நிக்கமாட்டன்."

கதிரையை இழுத்துக்கொண்டு போய், அவர் வேலை முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.