செங்கம் ரோட்டில் நீங்கள் திரும்பாத இடம்

அக்கா,

இன்று காலை சோற்றுப் பானையை இறக்கக் கரித்துணியை எடுத்தேன். ஆவி பட்டதும் அதிலிருந்து பழைய மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வாசனை வந்தது. ஓரத்தில் பாதி அழிந்துபோன எண் இன்னும் தெரிகிறது. ஓட்டப் பந்தயத்தில் முதுகில் குத்திக்கொள்ள உங்களுக்குக் கொடுத்த துணி அது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். நீங்கள் மறுநாளே நான்காக மடித்துத் தைத்து அடுப்படியில் தொங்கவிட்டீர்கள். "கெட்டித் துணி சின்னவளே, சூடே ஏறாது" என்று பெருமை வேறு. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. துணி இன்னும் கிழியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதில் இன்று சோறு குழைந்துவிட்டது.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று உறவு முழுக்கக் காத்திருந்தது. நாமும் அவர்களை அடியோடு ஏமாற்றிவிடவில்லை. குழம்பில் புளி ஜாஸ்தி என்று நீங்கள் சொன்னதற்கு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் கீழ்பென்னாத்தூர் நிலத்திலிருந்து மல்லாட்டை மூட்டை வந்து இறங்கினால், உரிக்க நாம்தான் எதிரெதிரே உட்கார வேண்டும். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. அப்படி ஒரு மதியம்தான், பள்ளிக்கூடத்தில் நான் ஓடிக்கொண்டிருந்ததையும், ஓடும்போது காதில் காற்று மட்டும் கேட்கும் என்பதையும் உங்களிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை என்றேன். நீங்கள் உரித்த கடலையை ஊதி முறத்தில் போட்டீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், பெண்களுக்கான சாலை ஓட்டம் என்று ஒரு துண்டுப் பிரசுரம் பேப்பரோடு வந்து விழுந்தது. தேரடியில் தொடங்கி, செங்கம் ரோட்டில் கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடம் வரை போய், அங்கே வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். சின்ன ஓட்டம்தான். எனக்கு அது போதும். இன்னும் ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட வேண்டும், என் உடம்பில் அந்தப் பெண் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அம்மாவைக் கேள் என்றார். நம் மாமியாரைக் கேட்டேன். அத்தை அரிசியிலிருந்து தலை நிமிரவே இல்லை.

"புள்ள பெத்தவ ரோட்டுல ஓடுவாளா? இன்னா பேச்சு இது" என்றார். அதோடு முடிந்தது.

முடியவில்லை. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது நீங்கள் மோரை ஊற்றிக்கொண்டே, "நாளைக்கு நானும் சின்னவளும் கிரிவலம் போய்ட்டு வரோம் அத்தை" என்றீர்கள்.

"பௌர்ணமி இல்லியே."

"அதான் அத்தை. கூட்டம் கம்மியா இருக்கும்."

மலையைச் சுற்றப் போகிறேன் என்பவளை இந்த ஊரில் எந்த மாமியார் தடுப்பார்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு எழுந்துவிட்டேன். ஆனால் விடியற்காலையில் என் பழைய கேன்வாஸ் ஷூவைப் பையில் வைக்கப் போனபோது நீங்கள் விடவில்லை. "தேங்காய் இருக்கிற பையில செருப்ப வெப்பியா? கிரிவலத்துக்கு எவ செருப்பு போட்டுக்கினு போறா?" என்றீர்கள். ஆக, புடவையோடும் வெறுங்காலோடும் புறப்பட்டோம். வேங்கிக்காலில் பஸ் ஏறியதும், "நல்ல பொய் சொன்னீங்க அக்கா" என்றேன். "பொய்யா? யாரு சொன்னது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வெளியே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். அதற்கு எனக்கு அர்த்தம் அப்போது தெரியவில்லை.

தேரடியில் பள்ளிக்கூடப் பெண்கள் அரைக்கால் சட்டையில் குதித்துக் கொண்டிருந்தார்கள். நம்மைப் பார்த்துத் சினிமாவில் கதாநாயகிக்குப் பின்னால் நிற்கும் தோழிகள் போலச் சிரித்தார்கள் என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்காகத்தான் நீங்களும் பெயர் கொடுத்தீர்கள். "நீ மட்டும் ஓடி நான் வேடிக்கை பாத்தா, யாராவது வீட்ல போய் சொல்லுவான். ரெண்டு பேரும் ஓடுனா, ஏதோ வேண்டுதலைனு நெனச்சுப்பான்." கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஊக்கு ஊக்காகக் குத்திவிட்டீர்கள்.

விசில் ஊதியதும் எனக்குப் புத்தி போய்விட்டது. முதல் தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பெண்ணாகவே பறந்தேன். செங்கம் ரோடு வந்ததும் விலாவில் பிடித்துக்கொண்டது. மூச்சு தொண்டையிலேயே நின்றது. தார் ரோட்டுப் பொடிக்கல் ஒவ்வொன்றும் காலில் தன் பெயரைச் சொன்னது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள். டீக்கடையில் ஒருவர், "இன்னாமா, பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார். எனக்குப் பின்னால் உங்கள் குரல் கேட்டது: "ஆமா, நீ போய் நிறுத்து." சிரித்ததில் விலாப் பிடிப்பு விட்டுப்போனது. அதற்கப்புறம்தான் கால் தன் பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் வெயில் ஏறாத வயல். காதில் காற்று கேட்டது அக்கா. அவள் போய்விடவில்லை.

டிரம்மைச் சுற்றித் திரும்பினேன். எதிரே நீங்கள் வந்தீர்கள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, குங்குமம் மூக்குக்கு இறங்கியிருந்தது. "ஓடு, ஓடு, நிக்காத" என்று கையை வீசினீர்கள். நீங்களும் பின்னாலேயே திரும்பி வருவீர்கள் என்று நினைத்து ஓடினேன். கடைசித் தெருவில் அரைக்கால் சட்டைக்காரி ஒருத்தியைப் பிடித்தேன். மூன்றாவதாக வந்தேன். எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உடனே அதை முந்தானைக்குள் ஒளித்தேன். கிரிவலம் போனவள் கையில் டிபன் டப்பா எப்படி வரும்?

உங்களைக் கேட்டுத் திட்டம் போடலாம் என்றால் உங்களைக் காணவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள். பந்தலைப் பிரித்தார்கள். டிரம்மை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. அதிலிருந்த பையன்தான் சொன்னான்: "அந்தம்மா திரும்பலீங்க. ரைட்ல போய்ட்டாங்க. கூப்ட்டோம், கையக் காட்டிட்டுப் போறாங்க."

வழி தெரியாதவரா நீங்கள்? எத்தனை பௌர்ணமிக்கு அந்தப் பாதையில் நடந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இனி முழு மலையையும் சுற்றி நீங்கள் வந்து சேர, வீட்டில் கேள்வி மேல் கேள்வி வரும், இனி ஜென்மத்துக்கும் ஓட முடியாது என்று பயமும் வந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அசட்டுத்தனமாகச் செங்கம் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு நீங்கள் என் முதுகுப் பக்கமிருந்து, மலையைச் சுற்றி முடித்து வடக்கிலிருந்து வந்தீர்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "டப்பாவா? மூடி டைட்டா இருக்குதா பாரு" என்றீர்கள். பாதம் இரண்டும் கொப்பளித்திருந்தன.

"ஏன் திரும்பல?" என்று கத்தினேன்.

"மலை பேர சொல்லிக் கேட்டுட்டு வந்தோமே. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது சுத்தணும்ல. நீ ஓடணும். அப்ப நான்தான்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்தது. தெருவில் அழாதே என்று முந்தானையைக் கொடுத்தீர்கள்.

வீட்டில் அத்தை, "சுத்திட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். "சுத்திட்டேன் அத்தை, சின்னவளுக்கும் சேத்து. இவ ஓடுனா. இத பாருங்க, ஓடி வாங்குனது" என்று டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை டப்பாவைப் பார்த்தார். உங்கள் பாதத்தைப் பார்த்தார். உள்ளே போய் விளக்கெண்ணெய் கொண்டுவந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பாமலே, "வெறுங்காலோடயா ஓடுன? அடுத்த வாட்டி எதனா போட்டுக்கினு ஓடு" என்றார். டப்பாவில் உப்பு கொட்டி வைத்தார். இன்றைக்கும் உப்பு அதில்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஓட்டம் ஓடிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வந்து, தேங்காய்ப் பையோடு தேரடியில் நின்றீர்கள். கடைசியாக வந்தபோது நிற்க முடியாமல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், "அடுத்த வருஷம் டிரம் எங்க வெப்பானாம்?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அங்கேயேதான் வைத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். டிரம்மிடம் வந்ததும் திரும்பினேன், ஓட்டத்துக்கு வந்தவள் திரும்பத்தான் வேண்டும். பரிசு ஒன்றுமில்லை, நடுவில் எங்கேயோ வந்தேன். பிறகு ஷூவைக் கழற்றித் தெரிந்த பூக்கடையில் கொடுத்துவிட்டு, தேரடியிலிருந்து மறுபடி புறப்பட்டேன். இந்தத் தடவை நடந்தேன். செங்கம் ரோட்டில் டிரம்மை எடுத்துவிட்டிருந்தார்கள், அது நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது. அதைத் தாண்டி வலப்பக்கம் போனேன். நீங்கள் தனியாக நடந்த தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் நடையைக் கேட்டே, "இன்னா, கால இழுத்துக்கினு வர? எங்க போன இவ்ளோ நேரம்?" என்றார்.

"கிரிவலம் போய்ட்டு வந்தேன் அத்தை."

"ஓடிட்டு, அதுக்கு மேல இதயும் சுத்துனியா? இன்னாத்துக்கு?"

"ரெண்டு பேர்ல ஒருத்தியாவது சுத்தணும்ல அத்தை" என்றேன். "இப்ப நான்தான இருக்கேன்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விளக்கெண்ணெய் எடுக்கப் போனார்.