இத்தாலிக்காரி சொன்ன வார்த்தை

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

நாளைக்கு என் தங்கை சரோஜாவுக்கு வேலூரில் ஆபரேஷன். அதற்கு முன் என்னைப் பார்க்க வந்து கதவுக்கு வெளியே நின்றாள். என் வீட்டுக்காரர் சாவுக்கு வராதவள். நான் திறக்கவில்லை.

மாடியில் குடியிருக்கும் இத்தாலிக்காரி உள் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தாள்.

“பெர்தொனாரே, அம்மா! மன்னிக்கணும். பிரான்ஸ், ஸ்பெயின், எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான்.”

“அத்தினி ஊருக்கும் ஒரே வார்த்தையா? அவ்ளோ ஜாஸ்தியா தப்பு பண்றீங்க?” என்று கேட்டேன்.

வெளியே சரோஜா சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சரிக்கா, வரேன்,” என்று போய்விட்டாள்.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் பயந்த சுபாவம். சின்ன வயதில் ஊசி போடுவதற்கே என் பாவாடையைப் பிடித்துக்கொள்வாள். காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பக்கத்தில் நிற்பேன். பேச மாட்டேன்.